இது எந்தப் படத்துப் பாட்டு?

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் தனியார் பஸ். டிரைவர் தலைக்கு மேல் பென் டிரைவ் செருகிய பெட்டி, பின்பக்கம் வரை ஸ்பீக்கர். சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தொடையில் தாளம் போட்டபடி கண்டக்டரைக் கேட்டார்: “தம்பி, இது எந்தப் படம்?”

“படம் இல்லைங்கய்யா. ஆல்பம் சாங்கு.”

“ஓகோ” என்றார் பெரியவர். தாளம் நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. பாட்டு அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. படம் இல்லாத பாட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் அவர் சிக்கல். ஹீரோ யார், எந்தத் தியேட்டரில் ஓடியது, அப்போது நாம் எந்த ஊரில் வேலை பார்த்தோம் என்று தமிழர் மனத்தில் பாட்டுக்கு ஒரு முகவரி இருக்கிறது. அதில் முதல் வரி படத்தின் பெயர்.

*

அதை வைத்துக்கொண்டு ‘நம்ம ஊரில் சினிமா அல்லாத பாட்டு எடுபடாது’ என்று சொல்லிவிடுகிறார்கள். இசை நிறுவனத்துக்காரர்கள் சொல்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் சொல்கிறார்கள், ஓடாத ஆல்பம் போட்டவர்கள் இன்னும் உரக்கச் சொல்கிறார்கள். ஆடி மாதம் இவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கூழ் காய்ச்சும் தெருவில் அதிகாலை நாலரைக்கு எல்.ஆர்.ஈஸ்வரி ஆரம்பித்துவிடுவார். அந்த அம்மன் பாட்டுகளில் பெரும்பாலானவை எந்தப் படத்திலும் வந்தவை அல்ல. விநாயகர் சதுர்த்தி என்றால் சீர்காழி கோவிந்தராஜன். நாகூர் ஹனிபாவை தர்கா வாசலிலும் கேட்கலாம், தி.மு.க. மாநாட்டுப் பந்தலிலும் கேட்கலாம். சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் எத்தனை வீடுகளில் எத்தனை காலைகளில் ஒலித்திருக்கும் என்று யாராவது கணக்கெடுத்தால், இன்றைய யூடியூப் சாதனைகள் எல்லாம் கொஞ்சம் கூச்சப்பட வேண்டியிருக்கும்.

இலங்கைப் பக்கம் போனால், நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ.மனோகரனின் ‘சுராங்கனி’. அந்தப் பொப் பாடல்களும் பைலாவும் படத்தை நம்பிப் பிறந்தவை அல்ல. கல்யாண வீட்டுக் கூத்தையும் பிக்னிக் பஸ்ஸையும் நம்பிப் பிறந்தவை. நம் ஊர் இசைக்குழு மேடைகளிலும் கடைசி அயிட்டமாகப் பல வருஷம் அவைதான் ஓடின.

ஆக, சினிமா இல்லாத பாட்டை நாம் ஒதுக்குகிறோம் என்பது சரியில்லை. அந்தப் பாட்டுக்கு ஒரு வேளை இருக்க வேண்டும்: கோயில், திருவிழா, கட்சிக் கூட்டம், கல்யாணம். வேளை இல்லாத பாட்டு என்றால் அதற்கு ஒரு முகமாவது வேண்டும். சினிமா இந்த இரண்டாவதைத் தானாகவே கொடுத்துவிடுகிறது. தனிப்பாட்டு அதைத் தேடி அலைகிறது.

*

முகம் பற்றி.

தியாகராஜ பாகவதர் காலத்தில் பாடுகிறவரும் திரையில் தெரிகிறவரும் ஒரே ஆள். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது என்றால், கூட்டம் போனது பாட்டைக் கேட்க மட்டுமல்ல, பாகவதர் பாடுவதைப் பார்க்க. கே.பி.சுந்தராம்பாள் வாயைத் திறந்து மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்ப்பதும் ரசனையில் சேர்த்திதான்.

பின்னணிக் குரல் தமிழில் 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் தொடங்கியது என்று சினிமா வரலாறு எழுதுபவர்கள் குறிப்பார்கள். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது. பாடுகிறவர் திரைக்குப் பின்னால் போனார். டி.எம்.சௌந்தரராஜன் சிவாஜிக்கு ஒரு குரல், எம்.ஜி.ஆருக்கு ஒரு குரல் என்று மாற்றிப் பாடினார் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதன் மறுபக்கம், சௌந்தரராஜனின் முகத்தை வைத்து யாரும் பாட்டைப் பார்க்கவில்லை என்பது. இரண்டு மூன்று தலைமுறை ரசிகர்கள் பாட்டு என்றாலே வேறொருவர் வாயசைப்பது என்று பழகினோம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ‘ஒலியும் ஒளியும்’ பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடியபோதும் பார்த்தது நடிகர்களைத்தான்.

மியூசிக் வீடியோ என்ற ஒன்று வந்தபோது அது செய்திருக்கக்கூடிய பெரிய காரியம், பாடுகிறவரை மறுபடி முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது. சிலர் செய்தார்கள். பலர் ஐந்து நிமிடத்தில் ஒரு படம் எடுத்தார்கள்.

*

2011 நவம்பர். ‘ஒய் திஸ் கொலவெறி டி’. அது சினிமாப் பாட்டுத்தான், ‘3’ படத்துக்கானது. ஆனால் நாடு பார்த்தது படத்தின் காட்சியை அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்று பாடுகிறார். அனிருத் அந்தப் பக்கம். ஐஸ்வர்யாவும் ஸ்ருதி ஹாசனும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடனம் இல்லை, உடை மாற்றம் இல்லை, வெளிநாட்டு மலை இல்லை. தப்பும் தவறுமாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பாட்டு உருவாவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி.

2012 மார்ச்சில் படம் வந்தபோது தியேட்டரில் அதே பாட்டு முழுக் காட்சியோடு வந்தது. அந்தக் காட்சியை இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? கொலவெறி என்றால் கண்ணில் நிற்பது அந்த ஹெட்போன்தான். சினிமாவே தன் பாட்டைத் தனிப்பாட்டு போல வெளியிட்டு ஜெயித்த முதல் பெரிய சம்பவம் இது என்று நான் நினைக்கிறேன். அதிலிருந்து சினிமாக்காரர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். படத்துக்கு முன் லிரிக் வீடியோ, அதில் இடையிடையே அனிருத் முகம், பாடகர் முகம், ஸ்டுடியோ விளக்கு. தனிப்பாட்டுக்காரர்களோ எதிர்த்திசையில் நடந்து ஹீரோயின் தேடப் போனார்கள்.

*

செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்த காலம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஃபோல்டர்கள்: ‘இளையராஜா சோகம்’, ‘ரஜினி ஓப்பனிங்’, ‘அம்மா’, ‘குத்து’, ‘கானா’, ‘சாமி’. ஒரு மூலையில் ‘ஆல்பம்’. அதற்குள் திறந்து பார்த்தால் மலேசியாவின் யோகி பி கோஷ்டி 2006-இல் போட்ட ‘வல்லவன்’ பாட்டுகள், திலிப் வர்மனின் ‘உயிரைத் தொலைத்தேன்’, ஹிப்ஹாப் தமிழாவின் ‘கிளப்புல மப்புல’. சோகம் கேட்பவருக்குத் திலிப் வர்மனையும் சேர்த்து ஏற்றிவிடுவார் கடைக்காரர். சொந்தமாக ஒரு ஃபோல்டர் இருந்தும் பாட்டு வெளியே போனது சோகத்தின் தயவில். இன்று அல்காரிதம் என்கிறார்கள். அந்தக் கடைக்காரர் செய்ததும் அதுவே. அவரிடம் நேரில் சண்டை போடலாம் என்பது கூடுதல் வசதி.

*

2018 ஒரே வருஷத்தில் இரண்டு பாட்டு.

ஒன்று ‘உலவிரவு’. கௌதம் மேனன் எடுத்தது, கார்த்திக் இசை, டொவினோ தாமஸும் திவ்யதர்ஷினியும். கடற்கரைச் சாலை, கார், இரவு, காதல். கௌதம் மேனன் படத்தில் எதையெல்லாம் பார்க்கப் போவோமோ அதெல்லாம் ஒரு பாட்டு நீளத்தில்.

இன்னொன்று ‘ஒரசாத’. விவேக்–மெர்வின். ஒரு குளிர்பான நிறுவனத்தின் பெயரில் வந்த ‘மெட்ராஸ் கிக்’ வரிசைப் பாட்டு. கதை கிடையாது. பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும்.

இரண்டையும் ரசித்தேன். ஆனால் பஸ்ஸில், சலூனில், கல்லூரிக் கலைவிழாவில், அடுத்த வீட்டுப் பையனின் கிட்டாரில் நான் கேட்டது இரண்டாவதை. காரணம் மெட்டுதான் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. ‘உலவிரவு’ பார்த்தவனுக்கு அது இரண்டு நடிகர்களின் காதல், நாம் எட்டி நின்று பார்க்கிறோம். ‘ஒரசாத’ பார்த்தவன் கண்ணாடி முன் நின்று தானே பாடிப் பார்க்கிறான். கதை இல்லாத இடத்தில் கேட்பவன் தன் கதையைப் போட்டுக்கொள்கிறான். ரொம்ப நல்ல காட்சி எடுத்த பாட்டு பல சமயம் அந்தக் காட்சிக்கே சொந்தமாகிவிடுகிறது.

*

2021-இல் இன்னொரு அலை. ‘குக்கு வித் கோமாளி’ அஸ்வின் நடித்த ‘குட்டி பட்டாஸ்’, பிறகு ‘அடிபொலி’. பிக் பாஸ் வீட்டிலிருந்து வந்த கவினின் ‘அஸ்கு மாரோ’. சின்னத்திரையில் தினமும் பார்த்த முகம், துள்ளல் மெட்டு, பளபளவென்று செட். தியேட்டர்கள் பாதி மூடிக் கிடந்த நேரம், வீட்டில் அடைந்து கிடந்த ஜனம் இதைத் தீபாவளிப் பலகாரமாகத் தின்றது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவற்றைப் பாடியவர்கள் யார் என்று சட்டென்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் அஸ்வின் பெயரைச் சொல்வார்கள்.

*

அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். சாய் அபயங்கரின் ‘ஆச கூட’ பாட்டுக்கு அவன் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே ஆடுவான். ஒரு நாள் டி.வி.யில் யூடியூப் போட்டு அந்தப் பாட்டை முழுதாகப் பார்ப்போம் என்றேன். கொஞ்ச நேரத்தில் ரிமோட்டைத் தேடினான்.

“ஏன்டா, உனக்குப் பிடிச்ச பாட்டுதானே?”

“பிடிச்ச பார்ட் இன்னும் வரல மாமா. தள்ளி விடவா?”

“நடுவுல இருக்கிறதெல்லாம்?”

“அது... அதுக்கு முன்னாடி வர்றது.”

திட்ட வாய் வரவில்லை. நாமும் கேசட்டை பென்சில் விட்டுச் சுற்றிப் பிடித்த இடத்துக்குப் போனவர்கள்தானே. வேறுபாடு எங்கே என்றால், நாங்கள் பிடித்த இடத்தைத் தேடினோம். இவர்களுக்கு அந்த இடத்தை முன்கூட்டியே குறித்து வைத்துத்தான் பாட்டே செய்கிறார்கள். கையை மடக்கி இடுப்பை ஒடிக்கும் ஒரு அசைவு, அதைப் பத்து வயதுப் பிள்ளையும் செய்ய முடிய வேண்டும், செல்போனை நிமிர்த்திப் பிடித்தால் சட்டத்துக்குள் அடங்க வேண்டும். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை வந்தது. அடுத்த சில வாரத்திலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து உட்கார்ந்தது. ஆடும் இடம் மாறியது, ஆடுகிறவர்கள் மாறவில்லை.

ஒரு விஷயத்தில் பையன்கள் பெரியவர்களைவிடத் தேவலை. “எந்தப் படம்?” என்று அவர்கள் கேட்பதே இல்லை. ‘கட்சி சேர’ வந்தது 2024 தொடக்கத்தில். பாடியவர், இசை போட்டவர், ஆடியவர் மூன்றும் சாய் அபயங்கர். திப்பு–ஹரிணி தம்பதியின் மகன் என்பது அவர்களுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. “சாய் பாட்டு” என்கிறான். பாடுகிறவன் பெயரால் பாட்டு அழைக்கப்படுவதைத் தமிழ்நாட்டில் பாகவதருக்குப் பிறகு இப்போதுதான் இவ்வளவு சகஜமாகக் கேட்கிறேன். ஆட்டமும் அழகும் அதற்குச் சுங்கவரி.

*

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைப் பற்றி. 2019 ஜூலையில் இந்தி ராப் பாடகர் பாட்ஷாவின் ‘பாகல்’ ஒரே நாளில் ஏழரைக் கோடி பார்வை என்று அறிவிக்கப்பட்டது. உலக சாதனை என்றார்கள். அதில் விளம்பரம் போட்டு வந்த பார்வைகளும் சேர்த்தி என்ற பேச்சு எழுந்தது. அந்த செப்டம்பரில், விளம்பரக் காசில் வந்த பார்வையை 24 மணி நேரச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று யூடியூப் விதியை மாற்றியது. 2025 மார்ச் கடைசியிலிருந்து ஷார்ட்ஸ் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை, விரலால் தள்ளிவிட்டாலும் பார்வை.

ஆகவே ‘மக்கள் விருப்பம்’ என்று எண்ணைக் காட்டிப் பேசுகிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. நம் ஊரில் இதைவிட நம்பகமான அளவுகோல்கள் இருக்கின்றன. மினி பஸ், பிள்ளையார் ஊர்வலம், பள்ளி ஆண்டு விழா. ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்பு டீச்சர் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தால் அது ஊருக்குள் போய்விட்டது.

*

‘எஞ்சாயி எஞ்சாமி’யை ஒரு பத்தியில் அடக்க முடியாது.

2021 மார்ச். பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, அமித் கிருஷ்ணன் இயக்கிய வீடியோ. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, ஊர் திரும்பியவர். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் இந்தக் கரைக்கு அனுப்பப்பட்ட கதையின் ஒரு துளி அந்தப் பாட்டி. ஒப்பாரியின் சாயலை எடுத்து, நிலத்தில் பாடுபட்டும் நிலமில்லாத குடிகளின் வழக்கைத் துள்ளலாகப் பாடியது பாட்டு. வீடியோவில் பாட்டியும் வந்தார்.

இதைக் கேட்டவர்கள் இரண்டு வகை. மாலத்தீவு ஹோட்டலில் ஆடியவர்கள், குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது போட்டவர்கள், இயற்கைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம். வரி வரியாக உட்கார்ந்து பேசியவர்கள் இன்னொரு பக்கம். எனக்கு இதில் வருத்தமில்லை. ஆழமான பாட்டு ஆட்டத்துக்கும் உதவுவது பழைய தந்திரம். நம் தெருக்கூத்தும் கும்மியும் அதைத்தான் செய்தன. பொருள் புரியாமல் ஆடுகிறவன் ஒரு நாள் நின்று கேட்பான் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

வருத்தம் வேறு இடத்தில். அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இந்தியப் பதிப்பின் அட்டையில் தீயும் கனடாவின் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். கொண்டாடப்பட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ இரண்டுக்கும் வரி எழுதிய அறிவு அட்டையில் இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் ஏன் என்று வெளிப்படையாகக் கேட்டார். பிறகு பத்திரிகை அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை போட்டது. அடுத்த வருஷம் ஜூலையில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடின் தொடக்க விழா சென்னையில் நடந்தது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அதே பாட்டை மேடையேற்றினார்கள். அறிவு இல்லை. அவர் தன் பக்கத்தை எழுதினார், சந்தோஷ் நாராயணன் தன் பக்கத்தைச் சொன்னார். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இன்னொன்றும் சொன்னார்: அந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று.

யார் சொல்வது சரி என்று தீர்ப்பெழுத எனக்கு இடமில்லை. ரசிகனாக ஒன்றைத்தான் கவனித்தேன். ஒரு பாட்டுக்கு யார் முகம் என்று ஊரே சண்டை போட்டது. சினிமாப் பாட்டுக்கு இந்தச் சண்டை வந்திருக்குமா? அங்கே முகம் ஹீரோவுடையது, கேள்விக்கே இடமில்லை. பாட்டைப் பெற்றவர் யார், பாட்டில் தெரிய வேண்டியவர் யார் என்று சாதாரண ரசிகன் பக்கம் பிரிந்து பேசியதே தனிப்பாட்டு இங்கே வேர்விட்டதற்கு அடையாளம். காசு மட்டும் இன்னும் வேர்விடவில்லை போலும்.

*

விருப்பம் என்பதில் கோபத்தையும் சேர்க்க வேண்டும்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசத்தில் வேலை செய்த தொழிலாளர்கள் பதினாலு வருஷம் மனு கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள். 2015-இல் சோபியா அஷ்ரப் ஒரு அமெரிக்க ராப் பாட்டின் மெட்டில் இங்கிலீஷில் ‘கொடைக்கானல் வோன்ட்’ பாடினார். உலகம் பார்த்தது. அடுத்த மார்ச்சில் ஆலையை நடத்திய நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டால் மட்டுமே வந்தது என்று சொல்வது அந்தப் பதினாலு வருஷப் போராட்டத்துக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் கடைசித் தள்ளு எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

2017 தொடக்கத்தில் ‘சென்னை புறம்போக்கு பாடல்’. கபேர் வாசுகி எழுதியது, டி.எம்.கிருஷ்ணா பாடியது. ஏறக்குறைய ஒன்பது நிமிடம். எண்ணூர்க் கழிமுகம், சாம்பல், பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அந்தப் பின்னணியில் சபா கச்சேரி அமைப்பு மாறாமல் பாடகர், வயலின், மிருதங்கம். ஆனந்தபைரவி, பேகடை என்று ராகங்கள் மாறிக்கொண்டே போக, வரி சென்னைத் தமிழில். ஓரிடத்தில் கிருஷ்ணா மூச்சுக் கவசம் மாட்டிக்கொள்கிறார். மயிலாப்பூர் ரசிகர் ஒருவர் “ராகம் சுத்தமாத்தான் பாடறார், ஆனா அந்த வார்த்தையெல்லாம்...” என்று இழுத்தது காதில் விழுந்தது. முழுதாகப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். ஒன்பது நிமிடம் பார்க்க வைக்க ஹீரோயின் தேவைப்படவில்லை. பாடுகிறவர் எங்கே உட்கார்ந்து பாடுகிறார் என்பதே போதுமான காட்சி.

ஹிப்ஹாப் தமிழாவின் ‘டக்கரு டக்கரு’ 2016-இல் வந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா நிறைந்தபோது அதற்கு வேளை வந்தது. கூட்டம் தனக்கு வேண்டிய பாட்டைத் தானே எடுத்துக்கொண்டது. வேளை, முகம் இரண்டும் சேர்ந்து கிடைத்த அபூர்வமான பாட்டு அது.

*

சினிமா பற்றி ஒரு வரி சொல்லாமல் முடியாது. யோகி பி ‘பொல்லாதவ’னுக்குப் போனார். கானா உலகநாதனைச் ‘சித்திரம் பேசுதடி’ கூப்பிட்டது, கானா பாலாவை ‘அட்டகத்தி’. ஹிப்ஹாப் தமிழா ஆதி ‘ஆம்பள’யில் இசையமைப்பாளர் ஆனார். பால் டப்பா ஹாரிஸ் ஜெயராஜுக்கு ‘மக்காமிஷி’ பாடினார். சாய் அபயங்கர் சில பாட்டுகளிலேயே சூர்யா படம் வரை போய்விட்டார். இதில் ரொம்ப வேடிக்கை ‘மீசைய முறுக்கு’. சினிமா இல்லாமல் பாட்டுப் போட்டு ஜெயித்த ஆதியின் கதை ஊருக்கு முழுசாகத் தெரிந்தது 2017-இல் அது சினிமாவாக வந்தபோது!

சினிமாவுக்குப் போவதைத் துரோகம் என்று பேசும் நண்பர்கள் உண்டு. வாடகை கட்டாதவர்கள் பேசும் பேச்சு. இங்கே சினிமாப் பாட்டை விற்கும் நிறுவனங்கள்தான் தனிப்பாட்டையும் விற்கின்றன, ஒரே யூடியூப் வாசலில். படப் பாட்டுக்குப் பிழைக்க மூன்று வாய்ப்பு: லிரிக் வீடியோ, தியேட்டர், பிறகு முழு வீடியோ. தனிப்பாட்டுக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

*

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டப டி.ஜே.யிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஆல்பம் சாங் போடுவீர்களா என்றேன்.

“போடுவேண்ணே. ஆனா முதல் பாட்டா போட மாட்டேன். முதல்ல ரெண்டு மூணு படப் பாட்டு போட்டு ஆளுங்கள இறக்கணும். இறங்கினப்புறம் என்ன போட்டாலும் ஆடுவாங்க. அப்ப ‘காத்து மேல’ போட்டா பசங்க கத்துவானுங்க. பொண்ணோட சித்தப்பா மட்டும் வந்து, இது எந்தப் படம்பாரு.”

“என்ன சொல்வீங்க?”

“வாய்க்கு வந்த பேர ஒண்ணு சொல்லிருவேன். நிம்மதியா போயிருவாரு.”

*

கானா. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம். சாவு வீட்டில் பிறந்த பாட்டுக்கு வேளையும் முகமும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. செல்போனில் எடுத்த வீடியோக்கள்: நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒருவன் பாட, இன்னொருவன் மேஜையிலோ பெஞ்சிலோ தட்டுகிறான். வெட்டு கிடையாது, ஒரே ஓட்டம். நடுவில் ஒரு குழந்தை சட்டத்துக்குள் நடந்து போகும்.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் முதல் மேடை. பா.ரஞ்சித்தும் தென்மாவும் சேர்ந்து தொடங்கியது. கானா பாடுகிறவர்கள் கோட்டு சூட்டில் வந்து நின்றார்கள். இசைவாணி என்ற கானாப் பாடகியைப் பெரிய கூட்டம் பார்த்தது. கோட்டு என்ன சொல்கிறது என்று ‘கபாலி’ பார்த்த ஜனத்துக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 2020 டிசம்பரிலிருந்து ‘மார்கழியில் மக்களிசை’ என்று சபா சீசனுக்கு எதிரே ஒரு பந்தல். மேளம், பறை, ஒப்பாரி, கானா எல்லாம் அதே மாதத்தில்.

பிறகு கானாவையும் லேபிள்கள் எடுத்து விளக்குப் போட்டு, பின்னால் இருபது டான்சர் வைத்துப் படம் பிடித்தன. வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவருக்கு அப்படி ஒரு வீடியோவை அனுப்பினேன். அவருக்குத் தெரிந்த பையன்தான் பாடியிருந்தான். பார்த்துவிட்டு போன் செய்தார்.

“தம்பி நல்லா இருக்கான்ணே, சட்டையெல்லாம் சூப்பரு. ஆனா இதுல அவன் குரல் எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு. பெஞ்சுல தட்டிப் பாடினது ஒண்ணு இருக்கும் பாருங்க, அது கெடச்சா அனுப்புங்க.”

தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெயரில் பதினேழு பேர் ஏற்றியிருக்கிறார்கள். எது முதலில் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.